தெற்கின் தண்டவாளங்கள் – 17: ஒரு மீட்டருக்குள் அடங்கிய சித்தூர்

திருப்பதிக்கு ரயில் வந்ததே ஏழுமலையானைத் தரிசிக்கப் போகிறவர்களுக்காகத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பழைய இருப்புப்பாதை வரைபடத்தை விரித்து வைத்தால் அந்த நினைப்பு நிற்காது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓட்டத் தொடங்கிய மதராஸ் ரயில்வே கம்பெனி, 1860களில் அரக்கோணத்திலிருந்து வடமேற்காக இன்னொரு பாதையைப் போட்டுக்கொண்டு போனது. திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை, கடப்பை, குண்டக்கல் என்று நீண்ட அந்தப் பாதை, 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கமிருந்து வந்த கிரேட் இந்தியன் பெனின்சுலா (ஜி.ஐ.பி.) ரயில்வேயுடன் சேர்ந்தது. சென்னையையும் பம்பாயையும் இணைத்த பெரும்பாதை அது. திருப்பதிக்குக் கிழக்கே பத்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரேணிகுண்டா வரை வந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி பாலப்பள்ளிக் காட்டுக்குள் நுழைந்துவிட்டது. தென்னிந்தியாவிலேயே அதிகக் கூட்டம் சேரும் கோயிலின் அடிவாரத்துக்கு மிச்சமிருந்த அந்தப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு கிளை போட, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை.

சித்தூரின் கதை இதைவிட விசித்திரமானது. அன்று அது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். கலெக்டரும் நீதிமன்றங்களும் கருவூலமும் இருந்த ஊர். ஆனால் மேற்குக் கடற்கரையை நோக்கிப் போன முதல் பெரும்பாதை பாலாற்றின் சமவெளியைப் பிடித்துக்கொண்டு காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகப் போய் 1862இல் பேப்பூரை அடைந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம் வழியாக பெங்களூருக்குப் போன கிளை 1864இல் திறக்கப்பட்டது. குப்பம் இன்று சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பாதைக்கும் சித்தூர் நகரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆக 1871 வாக்கில் சித்தூருக்குக் கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு பெரும்பாதைகள் ஓடின. நடுவில் இருந்த மாவட்டத் தலைநகரத்துக்கு மாட்டு வண்டிதான்.

இந்த வட்டாரத்தின் ரயில் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எந்த ஊருக்கு எந்த ஆண்டில் ரயில் வந்தது என்று பட்டியலிடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பட்டியலால் இந்த ஊர்களின் தலையெழுத்தை விளக்க முடியாது. ரயில் எப்போது வந்தது என்பதைவிட எந்த அகலத்தில் வந்தது என்பதே சித்தூரையும் பாகாலாவையும் மதனப்பள்ளியையும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கட்டிவைத்தது என்பது என் வாதம். திருப்பதி மட்டும் அந்தக் கட்டிலிருந்து தப்பியது. எப்படித் தப்பியது என்று பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும்.

முதலில் அகலத்தின் கதை. மதராஸ் ரயில்வே போட்டது ஐந்தரை அடி அகலப் பாதை, அதாவது பிராட் கேஜ். கம்பெனியின் முதலீட்டுக்கு ஐந்து சதவீத வட்டி என்று அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. செலவு எவ்வளவு ஏறினாலும் பங்குதாரருக்கு வட்டி வந்துவிடும். ஈடுகட்ட வேண்டியது இந்தியக் கருவூலம். இந்தச் சுமை தாங்காமல்தான் 1870இல் வைஸ்ராய் மேயோ காலத்தில், இனிமேல் போடும் பாதைகளில் பலவற்றை ஒரு மீட்டர் அகலத்தில் மலிவாகப் போடுவது என்ற முடிவு வந்தது. தெற்கே அதன் விளைவு வேடிக்கையாக இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வழியாக ஈரோடு வரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அகலப்பாதையையே பிடுங்கி மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். அப்படித்தான் 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே முழுக்க மீட்டர் கேஜ் கம்பெனியாக மாறியது. வடக்கேயும் மேற்கேயும் மதராஸ் ரயில்வேயின் அகலப்பாதைகள் சூழ்ந்திருக்க, அதன் தண்டவாளங்கள் தனித்தீவாகக் கிடந்தன.

அடுத்து வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை வட ஆர்க்காடும் கடப்பையும் பட்ட பாட்டுக்கு அளவில்லை. சென்னைத் துறைமுகத்தில் அரிசி வந்து இறங்கியது. ரயில் நிலையம் வரை போனது. அதற்கு அப்பால் இழுத்துச் செல்ல மாடும் இல்லை, மாட்டுக்குத் தீவனமும் இல்லை. 1880இல் பஞ்சக் கமிஷன், பஞ்சத்திலிருந்து காக்க நாடு முழுவதும் 5,000 மைல் பாதை உடனடியாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. திருப்பதி, சித்தூர் வழியாகப் பாதை போடும் யோசனைகளுக்கு உயிர் கொடுத்தது இந்தச் சூழல்தான். 1880களின் பிற்பகுதியில் நெல்லூர், கூடூர், காளஹஸ்தி, ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்கு மீட்டர் பாதை வந்தது. 1890களின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, சித்தூர், பாகாலா, பீலேர், கதிரி வழியாக தர்மாவரம் வரை இன்னொரு மீட்டர் பாதை முடிந்தது. பாகாலாவிலிருந்து சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு இணைப்பும் கிடைத்தது.

தர்மாவரம் ஏன் என்ற கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. அன்றைய தர்மாவரம் பெரிய சந்தையும் அல்ல, துறைமுகமும் அல்ல. ஆனால் குண்டக்கல்லிலிருந்து பெங்களூருக்குப் போகும் மீட்டர் பாதை அந்த ஊர் வழியாக ஓடியது. குண்டக்கல்லிலிருந்து ஹூப்ளி, லோண்டா வழியாக கோவாவின் மர்மகோவா துறைமுகம் வரை மீட்டர் பாதையே. விழுப்புரத்தையும் தர்மாவரத்தையும் முடிச்சுப் போட்டதும் தென்னிந்திய ரயில்வேயின் தனித்தீவு தக்காணத்தின் மீட்டர் பாதைகளோடு சேர்ந்துகொண்டது. தூத்துக்குடியில் ஏற்றிய வேகன் சரக்கை இறக்காமலே மேற்குக் கடற்கரைக்குப் போகலாம். ஒரு பக்கத்து என்ஜினையும் பெட்டியையும் மறுபக்கத்துக்கு அனுப்பலாம். சித்தூர் அந்த முடிச்சின் வழியில் இருந்தது, அவ்வளவுதான். மாவட்டத் தலைநகரம் என்பதாலோ, சித்தூரின் வெல்லத்துக்காகவோ, மலைமேல் இருக்கும் பெருமாளுக்காகவோ போடப்பட்ட பாதையாக இருந்திருந்தால், அது அருகிலிருந்த அகலப்பாதையோடு சேரும் வகையில் அகலமாகவே போடப்பட்டிருக்கும்.

இதனால் விளைந்தது என்ன? கூடூரிலிருந்து காட்பாடி வரை சுமார் 200 கிலோமீட்டர். அதற்குள் கூடூர், ரேணிகுண்டா, காட்பாடி என்று மூன்று இடங்களில் அகலப்பாதையும் மீட்டர் பாதையும் முகம் பார்த்து நின்றன. (கூடூரில் இந்த நிலைமை சென்னை–விஜயவாடா அகலப்பாதை 1899இல் முழுமையான பிறகு ஏற்பட்டது.) மூன்றிலும் ஒரு பாதையின் வண்டி மறுபாதையில் ஓட முடியாது. சரக்கை இறக்கி, சுமந்து, அடுத்த வேகனில் ஏற்ற வேண்டும். கூலி, தாமதம், சேதம், களவு எல்லாம் அந்தப் பிளாட்பாரத்தில்தான் சேரும். போதாக்குறைக்கு, ஒரே சந்திப்பில் இரண்டு கம்பெனிகள். 1908க்குப் பிறகு ரேணிகுண்டா, காட்பாடி இரண்டிலும் அகலப்பாதை மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயிடம். மீட்டர் பாதை தென்னிந்திய ரயில்வேயிடம்.

சித்தூரிலிருந்து காட்பாடிக்கு சுமார் 35 கிலோமீட்டர்தானே, இதில் என்ன பெரிய நஷ்டம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. சரக்கை மாற்றி ஏற்றும் செலவு தூரத்தைப் பொறுத்ததல்ல. ஆயிரம் கிலோமீட்டர் மீட்டர் பாதையில் வந்த மூட்டைக்கு அந்த ஒருமுறைச் செலவு சிறு பங்கு. வெறும் 35 கிலோமீட்டர் வந்த மூட்டைக்கு அது ரயில் கட்டணத்தையே விழுங்கிவிடும். சித்தூர் வியாபாரி சென்னைக்கு வெல்லம் அனுப்ப வேண்டுமானால் உள்ளூர் நிலையத்தில் ஒருமுறை ஏற்றி, காட்பாடியில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். அதைவிட வண்டி கட்டி நேராகக் காட்பாடிக்கே கொண்டுபோய் அகலப்பாதை வேகனில் ஏற்றிவிடுவது மேல். லாரி வந்த பிறகு காட்பாடியும் தேவைப்படவில்லை, நேராகச் சென்னைதான். பெரும்பாதை பக்கத்திலேயே இருந்ததுதான் சித்தூர் நிலையத்தின் சரக்குக் கொட்டகைக்கு எதிரியானது. தூரத்தில் இருந்திருந்தால் மீட்டர் பாதைக்கு வேலை இருந்திருக்கும்.

இங்கேதான் திருப்பதி வேறுபடுகிறது. சென்னையிலிருந்து வந்த பக்தர் ரேணிகுண்டாவில் இறங்கி மீட்டர் கேஜ் வண்டிக்கு மாற வேண்டியிருந்தது. எரிச்சல்தான். ஆனால் மாறி ஏற யாத்ரீகருக்குக் கால் இருக்கிறது. வெல்ல மூட்டைக்கு இல்லை. இரண்டு அகலங்கள் சந்திக்கும் இடம் பயணியின் நேரத்தில் அரைமணியோ ஒருமணியோ தின்னும். சரக்கின் லாபத்தையே தின்றுவிடும். தெற்கேயிருந்து வருகிறவருக்கு அந்த அரைமணிகூட நஷ்டமில்லை. மதுரையோ தஞ்சாவூரோ கும்பகோணமோ, அங்கிருந்து விழுப்புரம் வழியாகத் திருப்பதி வரை முழுக்க ஒரே அகலம். சிதம்பரம், திருவண்ணாமலை, திருப்பதி, காளஹஸ்தி எல்லாம் ஒரே கம்பெனியின் ஒரே பாதையில் கோத்த தலங்கள். மூன்றாம் வகுப்புப் பயணிகளை நம்பியே பிழைத்த தென்னிந்திய ரயில்வேக்கு இது எதிர்பாராத வரம். தமிழ்நாட்டின் தென்மாவட்டக் குடும்பங்கள் திருப்பதிப் பயணத்தைத் திருவண்ணாமலையோடு சேர்த்துத் திட்டமிடும் பழக்கத்தில் இந்தப் பாதைக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஊகிக்க இடமிருக்கிறது.

ஆக திருப்பதி வளர்ந்ததைக் காட்டி மீட்டர் கேஜ் இந்த வட்டாரத்துக்குக் கெடுதல் செய்யவில்லை என்று வாதிடுவது சரியாகாது. திருப்பதியின் பிழைப்பு மனிதர்களின் வருகை. சித்தூருக்கும் மதனப்பள்ளிக்கும் பிழைப்பு, விளைந்ததை வெளியே அனுப்புவது. அகலம் மாறுகிற இடம் முன்னதை லேசாகச் சீண்டியது. பின்னதன் கழுத்தைப் பிடித்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருமலையின் கூட்டம் பெருக்கெடுத்ததில் ரயிலுக்கு மட்டும் பங்கு கொடுப்பதும் தவறு. ரயில் அடிவாரத்தோடு நின்றது. அதற்கு மேல் நடை அல்லது டோலி. 1944இல் முதல் மலைப்பாதை திறக்கப்பட்டு பஸ் ஏறத் தொடங்கிய பிறகுதான் முதியவரும் கைக்குழந்தைக்காரியும் தயங்காமல் கிளம்பும் யாத்திரையாக அது மாறியது.

மலைகளைக் காரணம் காட்டுகிறவர்களும் உண்டு. திருப்பதிக்கு வடக்கே சேஷாசலம் சுவர்போல நிற்கிறது. பம்பாய்ப் பாதை ரேணிகுண்டாவில் திரும்பாமல் வேறு வழியில்லை என்பார்கள். முதல் பாதியை மறுக்க மாட்டேன். செய்யேறு பள்ளத்தாக்கை நோக்கிப் போகிற பெரும்பாதைக்கு அந்தத் திருப்பம் இயல்பானது. ஆனால் பெரும்பாதை திருப்பதிக்குள் நுழையவில்லை என்பதைத்தான் மலை விளக்கும். ரேணிகுண்டாவிலிருந்து சமதரையில் ஒரு பத்து கிலோமீட்டர் கிளை ஏன் அகலப்பாதையாகப் போடப்படவில்லை என்பதை விளக்காது. அந்தத் துண்டு அகலமானது சுதந்திர இந்தியாவில்தான். மலை அதே இடத்தில்தான் இருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. மலிவான மீட்டர் பாதை இல்லாவிட்டால் இந்த வறண்ட பகுதிக்கு எந்தப் பாதையுமே வந்திருக்காது. கிடைத்ததைக் குறை சொல்லலாமா? பீலேர், வாயல்பாடு, முலகலசெருவு, கதிரி போன்ற ஊர்களைப் பொறுத்தவரை இது உண்மை. பாகாலாவிலிருந்து தர்மாவரம் வரை சுமார் 228 கிலோமீட்டர் கல்லும் முள்ளுமான நிலத்தில் 1890களில் அகலப்பாதை போட எந்தக் கம்பெனியும் துணிந்திருக்காது. பஞ்சம் வந்தால் தானியம் போய்ச் சேர வேண்டும் என்ற அளவில் அந்தப் பாதை தன் கடமையைச் செய்யக்கூடியதே. ஆனால் அந்த நியாயம் காட்பாடிக்கும் சித்தூருக்கும் இடைப்பட்ட 35 கிலோமீட்டருக்குப் பொருந்தாது. ரேணிகுண்டாவுக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட பத்துக்கு அறவே பொருந்தாது. இரண்டும் அகலப்பாதையைத் தொட்டுக்கொண்டிருந்த குட்டைத் துண்டுகள். நீண்ட பாதையின் சிக்கனத்துக்கு அவை பலியாயின. பஞ்சத்துக்காக என்று வைத்துக்கொண்டாலும், அவசரத்துக்குப் போட்ட பாதையை அவசரம் தீர்ந்து எத்தனை தலைமுறைக்கு அப்படியே வைத்திருப்பது?

அப்படியே வைத்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி பாகாலா. மூன்று திசைகளிலிருந்து மீட்டர் பாதைகள் வந்து கூடிய அந்தச் சிற்றூர், ரயில்வேக்காரர்களுக்குப் பெரிய பெயர்தான்; ஆனால் ஊராக வளரவில்லை. மூன்று பாதைகள் கூடினால் சந்தை கூடும், ஆலை வரும் என்பது ரயில் வரலாற்றில் அடிக்கடி காணும் நிகழ்வு. ஜோலார்பேட்டை, அரக்கோணம் போன்ற இடங்களில் ஓரளவுக்காவது நடந்தது. பாகாலாவில் கூடியவை மூன்றும் ஒடுங்கிய பாதைகள்; மூன்றின் மறுமுனையிலும் சரக்கை மாற்றி ஏற்றும் தொல்லையோ நீண்ட சுற்றுவழியோ காத்திருந்தது. மதனப்பள்ளிக்கு வாய்த்தது இன்னும் மோசம். மதனப்பள்ளி ரோடு என்று பெயர் கொண்ட நிலையம் ஊரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நின்றது. இன்று நாடறிந்த மதனப்பள்ளித் தக்காளிச் சந்தை லாரிகளின் முதுகில் வளர்ந்தது. சித்தூர் வட்டாரத்தின் தோத்தாபுரி மாம்பழமும் மாங்கூழும் அப்படியே. அழுகும் பொருளுக்கு வழியில் ஓரிடத்தில் இறக்கி ஏற்றுவது மரணம் என்பதை விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாலைதான் ரயிலை வென்றது, அகலத்தைக் குறைகூறிப் பயனில்லை என்பாரும் உண்டு. இந்தியா முழுவதும் லாரி ரயிலிடமிருந்து சரக்கைப் பறித்தது மெய். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் பறிக்கவில்லை. ரேணிகுண்டா அகலப்பாதைச் சந்திப்பாக இன்றும் சுறுசுறுப்பாக இருக்கிறது. பக்கத்திலேயே ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையும் இருக்கிறது. அதே மாவட்டத்து மீட்டர் பாதை நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. சாலை ஒன்றுதான், லாரி ஒன்றுதான்; வேறுபட்டது தண்டவாளம்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிர்வாக வரைபடம் இந்தப் பிளவின்மேல் இன்னொரு கோட்டைப் போட்டது. 1951 ஏப்ரல் 14 அன்று இரண்டு கம்பெனி ரயில்வேக்களும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனபோது, ரேணிகுண்டாவிலும் காட்பாடியிலும் முதல்முறையாக இரண்டு அகலங்களும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. மாற்றத்துக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் அது நீடிக்கவில்லை. 1966இல் தென்மத்திய ரயில்வே உருவாகி, 1977இல் குண்டக்கல் கோட்டம் அதற்குப் போயிற்று. திருப்பதி, பாகாலா, சித்தூர் எல்லாம் அதன் தலைமையகமான செகந்திராபாத்தைப் பார்க்கத் தொடங்கின; காட்பாடி சென்னையையே பார்த்துக்கொண்டிருந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது நடந்த எல்லைப் போராட்டத்தைப் பேசுகிற நாம், ரயில்வேயின் இந்த எல்லையைப் பற்றிப் பேசுவதேயில்லை. அதன் தடம் இன்றைய வண்டிகளிலேயே தெரிகிறது: ஹைதராபாத்தின் காச்சிகுடாவிலிருந்து வரும் வெங்கடாத்ரி எக்ஸ்பிரஸ் சித்தூரில் வந்து முடிகிறது. காட்பாடி இன்னும் சற்றுத் தூரத்தில்தான் இருக்கிறது.

மீட்டர் பாதைகள் ஒவ்வொன்றாக அகலமாயின. காட்பாடி–பாகாலா–திருப்பதி முதலில் மாறியது. பாகாலா–தர்மாவரமும் தெற்கே விழுப்புரம்–காட்பாடியும் 2010 வாக்கில்தான் முடிந்தன. அதாவது 1890களில் மேற்குக் கடற்கரைவரை வேகனை இறக்காமல் அனுப்பப் போட்ட முடிச்சு, ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து நாட்டின் பெரும்பாதைகளோடு சேர்ந்தது. அதற்குள் சரக்கு வேறு வழி கண்டுபிடித்துப் பழகிவிட்டது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது பழைய சித்தூர் மாவட்டம் மூன்றாக உடைந்தது. பாகாலா திருப்பதியோடு போயிற்று. பயணிகளை நம்பிய ஊர் தலைநகரமாக உயர்ந்தது. சரக்கை நம்பியிருக்க வேண்டிய ஊர் சுருங்கியது.

2025 ஏப்ரல் 9 அன்று மத்திய அமைச்சரவை திருப்பதி–பாகாலா–காட்பாடி ஒற்றைப் பாதையை இரட்டிப்பாக்க ஒப்புதல் கொடுத்தது. 104 கிலோமீட்டர், 1,332 கோடி ரூபாய். திருமலை, காளஹஸ்தி, காணிப்பாக்கம், சந்திரகிரிக் கோட்டை என்று வழக்கமான பட்டியலோடு, வேலூர் மருத்துவமனைகளுக்கு வருவோரின் வசதியும் சொல்லப்பட்டது. நிலக்கரி, சிமென்ட், வேளாண் பொருள்கள் என ஆண்டுக்குக் கூடுதலாக 40 லட்சம் டன் சரக்கு போகும் என்ற கணக்கும் அந்த அறிவிப்பில் இருந்தது. திருப்பதிக்கு இரட்டைப் பாதையால் நன்மை உண்டு என்பதில் சந்தேகமில்லை; அந்த ஊருக்கு எந்தப் பாதையாலும் நன்மை வந்துவிடுகிறது. சித்தூரின் வழக்கு அந்த 40 லட்சம் டன்னில் இருக்கிறது. அதில் எவ்வளவு சித்தூரில் ஏற்றப்படுகிறது, எவ்வளவு சித்தூரைக் கடந்து போகிறது என்பதை வைத்துத்தான் இந்தப் பாதையை மதிப்பிட வேண்டும்.